அப்பா யாரிடம் சொல்வார்?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். தினமும் விடிந்ததும் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு ஈசூன் குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிறார். திரும்ப 10 மணி ஆகிறது. வந்ததும் பார்த்ததையெல்லாம் அரைகுறை மலாயில் பணிப்பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருப்பார், அவள் வேலையும் கெடுகிறது. எங்காவது விழுந்துவிடுவாரோ என்று பயம். இதை எப்படி நிறுத்துவது?
- ஒரு மகன், ஈசூன்

பதில்: தம்பி, வழுக்காத காலணி வாங்கிக் கொடுங்கள். தண்ணீரும் கைத்தொலைபேசியும் கையில் இருக்கட்டும். இடி இடித்தால் கூரைக்குக் கீழே போய்விடச் சொல்லுங்கள். உங்கள் பயத்துக்கு இது போதும்.

என்னைத் தைத்தது அந்தப் பணிப்பெண் விஷயம். பெற்ற மகன் இருக்கும் வீட்டில், தமிழ் தெரியாத பெண்ணிடம் ஏன் சொல்கிறார்? நின்று கேட்க அவள் ஒருத்திதான் இருக்கிறாள். பகலில் உங்களுக்கு வேலை, சரி. ராத்திரி? ஞாயிற்றுக்கிழமை? "இன்னைக்கு என்னப்பா பாத்தீங்க?" என்று ஒருநாளாவது கேட்டிருந்தால் கடிதத்தில் ஒரு பறவையின் பெயராவது இருந்திருக்கும். ஒன்றுகூட இல்லை.

சிங்கப்பூரில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனால் மார்ச்சில் வலசைப் பறவைகள் வடக்கே கிளம்பத் தொடங்கிவிடும். நீலவால் பஞ்சுருட்டானைப் பார்த்திருக்கிறீர்களா? மொட்டைக் கிளையில் உட்கார்ந்திருக்கும். பாய்ந்து ஒரு தேனீயைப் பிடித்து அதே கிளைக்குத் திரும்பும். கொடுக்கு போகும்வரை அதைக் கிளையில் அடித்து, தேய்த்து, அப்புறம்தான் விழுங்கும். இதைப் பார்த்துவிட்டு வந்து யாரிடமும் சொல்லாமல் ஒரு மனிதர் எப்படி இருப்பார்? உங்கள் அம்மா இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பார்.

அப்பாவுக்கு அறை கொடுத்துச் சோறு போட்டதோடு பிள்ளையின் கடமை தீர்ந்துவிடாது. அவர் பேச்சுக்குக் காது கொடுப்பதும் கடமைதான். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள், நீங்கள் செய்ய வேண்டியதை அவள் செய்துகொண்டிருக்கிறாள்.

வரும் ஞாயிறு அவரைச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு அழைத்துப் போங்கள். சைபீரியா வரை பறக்கப்போகும் பொன்னிற உப்புக்கொத்திகள் என்ற கரைப்பறவைகள் இன்னும் சில வாரம்தான் அங்கே இருக்கும். கடல் ஏறும் நேரம் பார்த்துப் போனால் சேற்றுத்திட்டை விட்டு உள்குளங்களுக்கு வந்துவிடும், கிட்டத்தில் பார்க்கலாம். பைனாகுலரை முதலில் உங்களிடம்தான் நீட்டுவார். வாங்கிப் பாருங்கள்.