கொட்டி நிரப்பும் வெப்பக்காப்பு: கேள்வி பதில்

கே: சீலிங்குக்கு மேலே எத்தனை கனத்துக்குக் கொட்ட வேண்டும் சார்?

ப: எந்தப் பொருள் என்று தெரியாமல் கனம் சொல்ல முடியாது. கனத்தை மீட்டரில் எடுத்து, பொருளின் வெப்பக்கடத்து எண்ணால் வகுங்கள். வருவதுதான் ஆர் மதிப்பு, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் அளவு. செல்லுலோஸுக்கு (பழைய காகிதத்தைப் பஞ்சாக்கியது) அந்த எண் 0.04, உமிக்கு ஏறக்குறைய 0.05, வெர்மிகுலைட்டுக்கு (சூட்டில் பொரித்த மைக்கா போன்ற கனிமம்) 0.065, சுட்ட களிமண் உருண்டைக்கு 0.1. ஆர் 4 வேண்டுமானால் இதே வரிசையில் 16, 20, 26, 40 சென்டிமீட்டர் தேவை. 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் ஆர் சுமார் 0.1தான்.

இதெல்லாம் அமுங்கியபின் நிற்கும் கனம். மெஷினில் ஊதிய செல்லுலோஸ் 20 சதவீதம் வரை அமுங்கும். 20 சென்டிமீட்டர் நிற்க வேண்டுமென்றால் 25 ஊத வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்கேல் வைத்து அளந்து திருப்திப்படாதீர்கள். காற்றைக் கூட்டி ஊதினால் பாதி மூட்டையிலேயே உயரம் காட்டிவிடலாம். மூட்டைக் கணக்கைக் கேளுங்கள்: 50 சதுர மீட்டர், 20 சென்டிமீட்டர் என்றால் 10 கன மீட்டர். அமுங்கிய அடர்த்தி கன மீட்டருக்கு 35 கிலோ என்று மூட்டையில் போட்டிருந்தால் 350 கிலோ உள்ளே போயிருக்க வேண்டும்.

கே: பழைய வீடு வாங்கியிருக்கிறோம். சீலிங் மேல் மைக்கா போல மினுங்கும் பழுப்புத் துகள் கிடக்கிறது. பெருக்கி அள்ளிவிட்டுப் புதிதாகப் போடலாமா?

ப: தொடாதீர்கள். துகளின் பக்கவாட்டில் ஏடு ஏடாக, ஆர்மோனியத் துருத்தி மடிப்பு மாதிரி தெரிந்தால் அது வெர்மிகுலைட். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில், நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமமான ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. சோனோலைட் என்ற பெயரில் ஏராளமான வீடுகளுக்குள் போனது அதுதான். சுரங்கம் 1990-ல் மூடப்பட்டது. கொட்டிய சரக்கு இன்னும் பரணில் இருக்கிறது. கண்ணால் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது. பெருக்கினாலும் வீட்டு வேக்வம் கிளீனரால் உறிஞ்சினாலும் நார் காற்றில் ஏறி அறை முழுக்கப் பரவும். விளக்கு ஓட்டை, சீலிங் வெடிப்புகளைக் கீழிருந்தே அடைத்துவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் அகற்ற உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். புதிதாக வாங்கும் வெர்மிகுலைட்டுக்கு இந்தப் பயம் குறைவு. ஆனாலும் ஆஸ்பெஸ்டாஸ் சோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள்.

கே: கூரை லேசாக ஒழுகுகிறது. காப்பைப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. ஒழுக்கை அடைத்த பிறகுதான் காப்பு. வெப்பத்தைத் தடுப்பது துகள் அல்ல, துகளுக்கு இடையில் அசையாமல் நிற்கும் காற்று. அசையாக் காற்றின் கடத்து எண் 0.025, தண்ணீருக்கு 0.6. ஈரம் ஏறிய காப்பு வெறும் பாரம்.

கே: உமி மலிவு, கரையான் தின்னாது, தீயும் பிடிக்காது. இதைவிட நல்ல பொருள் உண்டா? கடையில் விற்பதை மட்டும் ஏன் எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

ப: உமி நல்ல பொருள்தான். மேல்தோலில் சிலிக்கா இருப்பதால் எளிதில் மக்காது, நுனிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்பதால் அதிகம் அமுங்காது. தவிடும் நொய்யும் போகச் சலித்துப் போட்டால் எலியும் வண்டும் குறையும். ஆனால் "தீ பிடிக்காது" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கொழுந்துவிட்டு எரியாது, கனலும்.

கே (உமி கேட்டவர்): தீக்குச்சி உரசிப் போட்டுப் பார்த்தாயிற்று. அணைந்துவிட்டது.

ப: தீக்குச்சி சோதனை ஆகாது. தகரத்தில் ஒரு சாண் உயரத்துக்கு உமியைக் குவித்து, நடுவில் ஒரு நெருப்புக் கங்கைப் புதையுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு மெல்லிய புகை, மேலே ஒரு கருப்பு வட்டம். கம்பியால் கிளறினால் உள்ளே செக்கச் செவேல் என்றிருக்கும். மேலே தெளிக்கும் தண்ணீர் அந்த ஆழத்துக்கு இறங்காது. சீலிங் மேல் இது நடந்தால், புகை வாசம் வருவதற்குள் மரச் சட்டம் பாதி கருகியிருக்கும்.

கே (வேறொருவர்): அப்படியானால் செல்லுலோஸும் பழைய நியூஸ்பேப்பர்தானே! அதற்கு மட்டும் ஏன் சலுகை?

ப: சரியான கேள்வி. மருந்து போடாத காகிதம் உமியைவிட மோசம். அதனால்தான் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை போரேட் உப்பு சேர்க்கிறார்கள். போரக்ஸ் கொழுந்து பரவுவதைத் தடுக்கும், போரிக் அமிலம் கனல்வதைத் தடுக்கும். இரண்டும் வேண்டும். அம்மோனியம் சல்பேட் போட்ட மலிவுச் சரக்கும் உண்டு. ஈரம் பட்டால் நாறும், செம்புக் குழாயை அரிக்கும். வாங்காதீர்கள்.

கே: உமிச்சாம்பல் போடலாமா? அதற்குத் தீப்பயமே இல்லையே.

ப: தீப்பயம் இல்லை, நுரையீரல் பயம் உண்டு. அதிகச் சூட்டில் எரிந்த சாம்பலில் சிலிக்கா படிகமாக மாறியிருக்கும். மாவு போன்ற பொருள், சீலிங் இடுக்கு வழியாகத் தினமும் கொட்டும். பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்த வெள்ளைத் துகள்) கிடைத்தால் அதைப் போடுங்கள். அதுவும் எரியாது, இவ்வளவு நைசாகவும் இருக்காது.

கே: எத்தனை அங்குலம் போட வேண்டும்?

ப: முதல் பதில்.

கே: இரட்டைச் சுவர் இடைவெளியில் தெர்மாகோல் மணி?

ப: நன்றாக இறங்கும், மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். அதே காரணத்தால், பின்னாளில் ஜன்னலுக்குச் சுவரை உடைத்தால் மொத்தமும் வெளியே ஓடிவரும். பசை கலந்து ஊதும் முறையைக் கேளுங்கள். பிவிசி வயர் மணியைத் தொடக்கூடாது. வயர் உறையை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெயை மணி இழுத்துக்கொள்ளும், உறை விறைத்து வெடிக்கும். வயரைப் பைப்புக்குள் விடுங்கள்.

கே: சீலிங்கில் பதித்த ஸ்பாட் லைட் மேலேயும் கொட்டிவிடலாமா?

ப: கூடாது. காப்புக்குள் புதைக்கலாம் என்று விளக்கின் மேலேயே குறித்திருந்தால் ஒழிய, சுற்றிலும் 7.5 சென்டிமீட்டர் விட்டுத் தகரத் தடுப்பு வையுங்கள். செல்லுலோஸோ உமியோ, மூடிய விளக்குதான் நான் மேலே சொன்ன கங்கு.

கே: நீராவித் தடை ஷீட் எந்தப் பக்கம்?

ப: ஈரமும் சூடும் உள்ள பக்கம். குளிர் நாட்டில் அறைப் பக்கம். புழுக்கமான ஊரில் நாள் முழுக்க ஏசி ஓடும் வீட்டில் வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் காப்புக்குள்ளேயே நீர் கோக்கும்.

கே: சார், ஏழு அங்குலம் போதுமா?

ப: என்ன பொருள்? முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கே (உமி கேட்டவர்): கங்கு வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே உள்ளே கனன்றது. போரேட்டை உமியில் எப்படி ஏற்றுவது?

ப: பார்த்துவிட்டு வந்ததற்கு நன்றி. உமியின் தோல் வழவழப்பு, உலர்தூள் ஒட்டாமல் அடியில் போய்த் தங்கும். போரக்ஸ், போரிக் அமிலம் இரண்டையும் சேர்த்தே வெந்நீரில் கரையுங்கள். தனித்தனியே கரைவதைவிடச் சேர்ந்து அதிகம் கரையும். கையுறை, மாஸ்க் கட்டாயம். உமியைப் புரட்டிப் புரட்டித் தெளித்து, கையில் ஈரம் ஒட்டாமல் போகும் வரை உலர்த்துங்கள். மூட்டைக்கு ஒரு சாண் உயரக் குவியல் எடுத்து அதே கங்கு சோதனையைச் செய்யுங்கள். கங்கைச் சுற்றி மட்டும் கருகி நின்றால் அந்த மூட்டை மேலே போகலாம். ஒரு மூட்டை கனன்றாலும் அந்த ஈடு முழுவதையும் திரும்பத் தெளியுங்கள்.