"நிதி இல்லை" என்கிறார்கள், என்ன கேட்பது?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன ஊராட்சி எங்களுடையது. எங்கள் தெருவில் நாலு மாதமாக விளக்கு எரியவில்லை. கேட்டால், "நிதி வரலம்மா" என்கிறார் ஊராட்சி செயலாளர். தலைவர் பதவிக்காலம் முடிந்து, இப்போது தனி அலுவலர் பொறுப்பு. நான் வீட்டு வரியைப் பாக்கி வைத்ததே இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் ஆள் தெரியும், வீட்டுக்கு 300 ரூபாய் வசூலித்துக் கொடுத்தால் நிதி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் தெருவில் வீடு வீடாக வருகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அக்கம்பக்கத்தில் யாராவது கொடுத்திருந்தால் உடனே திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். ஊராட்சிக்கு வரும் மானியத்தை யாரும் சிபாரிசில் வாங்கித் தர முடியாது. மக்கள்தொகையை முக்கிய அளவாக வைத்துப் பங்கு பிரித்து, ஊராட்சியின் வங்கிக் கணக்குக்கே அனுப்புகிறார்கள். அதற்கு நடுவில் ஆள் நிற்க இடமே இல்லை. இருபத்தெட்டு வருடம் ஊராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் நான். இப்படி வசூலித்த 300 ரூபாய் எந்த ஊராட்சியின் வரவுப் பதிவேட்டிலும் ஏறி நான் பார்த்ததில்லை.

இப்போது விளக்குக்கு வருகிறேன். ஊராட்சிப் பணம் ஒரே உண்டியலில் இருப்பதில்லை. அஞ்சறைப் பெட்டி மாதிரி. மிளகு தீர்ந்தால் சீரகமும் தீர்ந்ததாக அர்த்தமில்லை. அதேபோல மிளகு அறையில் சீரகத்தைக் கொட்டவும் கூடாது. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் என்று ஊரிலேயே வசூலாவது ஓர் அறை. மாநில அரசின் வரி வருவாயிலிருந்து வரும் மாநில நிதிக்குழு மானியம் இன்னோர் அறை. தெருவிளக்கு மின்கட்டணமும் தண்ணீர்த் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர் ஆகியோரின் சம்பளமும் பெரும்பாலும் இந்த இரண்டை நம்பித்தான் இருக்கின்றன. மூன்றாவது, மத்திய அரசிடமிருந்து வரும் மத்திய நிதிக்குழு மானியம். 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு இந்த மூன்றாவது அறைக்குள்ளேயே ஒரு தடுப்பு வைத்தது. நூற்றில் 60 ரூபாய் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும். மீதி 40 ரூபாயை ஊரின் தேவைக்குச் செலவழிக்கலாம், ஆனால் அதிலிருந்து சம்பளம் கொடுக்கக் கூடாது.

அதனால் செயலாளரிடம் "நிதி இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கணக்கில் இல்லை, கடைசியாக எந்த மாதம் வந்தது?" என்று கேளுங்கள். கேள்வி இப்படி வந்தால் பதிலும் வேறு மாதிரி வரும். பொது வீதிகளுக்கு விளக்குப் போடுவது 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 110-வது பிரிவுப்படி ஊராட்சியின் கட்டாயக் கடமை. மனமிருந்தால் செய்கிற தர்மம் இல்லை அது. ஒன்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்: பல்பு போயிருந்தால் ஊராட்சி வேலை, கம்பியில் மின்சாரமே வரவில்லை என்றால் மின்வாரியத்தில் புகார் செய்ய வேண்டும். இது தெரியாமல் தப்பான அலுவலகத்துக்கு மனு எழுதி மாதங்களை விட்டவர்கள் நிறையப் பேர்.

இனி அந்த "நிதி வரல". செயலாளர் பொய்தான் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் உங்கள் ஊரில் தனி அலுவலர் இருக்கிறார். மத்திய நிதிக்குழு மானியம், தேர்தல் நடந்து முறையாக அமைந்த ஊராட்சி மன்றத்துக்குத்தான் என்பது விதி. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அந்த மூன்று வருடமும் தனி அலுவலர்கள்தான், மத்திய மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. அப்படி வந்த மன்றங்களின் ஐந்து வருடம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி 28 மாவட்டங்களில் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். மற்ற 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது என்பதால் அங்கே கணக்கு வேறு. உங்கள் புதுக்கோட்டை அந்த 28-க்குள் வருகிறது. ஆக, மூன்றாவது அறை காலி என்று சொன்னால் நம்பலாம். ஆனால் மாநில மானியத்தையும் வீட்டு வரியையும் இந்த விதி தொடுவதே இல்லை. விளக்குச் செலவு அந்த இரண்டிலும் செய்யக்கூடியதுதான். மூன்றாவது அறை காலி என்பதைச் சொல்லி மற்ற இரண்டையும் மூடிவைக்க விடாதீர்கள். ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்து என்று அரசியல் சாசனத்திலேயே 1993 முதல் எழுதியிருக்கிறது. அதை நடத்தாமல் விட்டுவிட்டு, இருட்டில் நடக்கிற ஜனங்களிடம் நிதி வரவில்லை என்று சொல்லும் இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

அப்புறம், நீங்கள் கட்டிய வரி. ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரி ஒரு தொகை, அதில் பத்தில் ஒரு பங்கு நூலக வரி என்று தனியாக இருக்க வேண்டும். 100 ரூபாய் வரி என்றால் 10 ரூபாய் நூலகத்துக்கு. இப்போது ஊராட்சி வரியை ஆன்லைனிலேயே கட்டலாம், அப்படியே கட்டுங்கள். கையால் எழுதிய துண்டுச் சீட்டு வேண்டாம். ஓர் ஊரில் தணிக்கைக்குப் போனபோது ரசீது புத்தகத்தின் அடிப்பிரதியில் 88 ரூபாய் என்று இருந்தது. சந்தேகப்பட்டு அந்த வீட்டுக்கே போனேன். அந்த அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய மேல்பிரதியில் 880. கார்பன் தாளை உருவிவிட்டு மேலே ஒன்று, கீழே ஒன்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரே புத்தகத்தில் இப்படிப் பதினோரு ரசீதுகள். அந்த ஊரிலும் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் "நிதி இல்லை"தான். வீட்டு வரி ரசீது வாங்கித் தந்தால் மனை உங்கள் பேருக்கு வந்துவிடும் என்று காசு பிடுங்கும் புரோக்கர்களும் உண்டு. வரி ரசீது வரி கட்டியதற்கு அத்தாட்சி, சொத்துக்கு அல்ல.

வரவு செலவை நீங்களே பார்க்க வழி இருக்கிறது. 'இ-கிராம் ஸ்வராஜ்' இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, ஆண்டு என்று தேர்ந்தெடுத்தால் வவுச்சர் (செலவுச் சீட்டு) வரை தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளை யாராவது போனில் எடுத்துக் கொடுத்துவிடும். அதில் விளக்கு வாங்கியதாகச் செலவு எழுதியிருந்தால், கம்பங்களை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூட்டம் உண்டு, தனி அலுவலர் காலத்திலும் உண்டு. நாலைந்து பெண்களாகச் சேர்ந்து போங்கள். கம்ப எண்களைச் சொல்லி, இத்தனை விளக்கு, இன்ன நிதியில் போடுவது என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதி வாசித்த பிறகுதான் கையெழுத்து. காலிப் பக்கத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு தங்கள் வசதிக்கு எழுதிக்கொள்வது பல ஊர்களில் நடக்கிறது. "அப்புறம் எழுதிக்கலாம்மா" என்றால், "நீங்கள் எழுதுங்கள், காத்திருக்கிறேன்" என்று உட்கார்ந்துவிடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். தெருவிளக்குச் செலவின் வவுச்சர்களையும் இருப்புப் பதிவேட்டையும் நேரில் பார்வையிட வேண்டும் என்று இரண்டே வரி போதும். முதல் ஒரு மணி நேரம் பார்க்கக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அதன் ரசீதை உங்கள் வரி ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள்.