பல்லைக் கடிக்கும் பாட்டி

அன்புள்ள ஐயா,

என் மகன் சாதாரண நிலைத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறான். கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் படிக்கிறார்களே, கொரிய வெப்டூன் கதைகள், அதில் பைத்தியம். அதற்கென்றே ஒரு தனியார் நிலையம் ஆறு மாதப் பயிற்சி நடத்துகிறது. முடித்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். கட்டணம் கேட்டுத் தலை சுற்றிவிட்டது. தவணையில் கட்டலாமாம். சேர்க்கலாமா? எந்த வரைபலகை வாங்குவது? இதற்கு எதிர்காலம் உண்டா?

ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரி,

வரைபலகையைக் கடைக்காரரிடம் கேளுங்கள். எதிர்காலத்தைக் கிளி ஜோசியரிடம் கேளுங்கள். எனக்கு இரண்டும் தெரியாது.

உங்கள் கடிதம் வந்த நேரம், பிராஸ் பாசா கட்டடத்தில் வாங்கிய 1990களின் அமெரிக்க காமிக்ஸ் கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சில இதழ்களின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. 1991இல் ‘எக்ஸ்-மென்’ புதிய வரிசையின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குப் போனது. ஒரே கதை, ஐந்து அட்டை. நாளைக்கு விலை ஏறும் என்று ஒருவரே நாலைந்து வாங்கிப் பதுக்கினார்கள். எல்லாரும் பதுக்கிய சரக்குக்கு ஏது விலை? 1996 டிசம்பரில் அதை வெளியிட்ட மார்வெல் நிறுவனமே திவால் மனு போட்டது.

அந்த அலைக்கென்று ஒரு பாணி இருந்தது. புடைத்த நரம்பு, கடித்த பல், இடுப்பிலும் தொடையிலும் சின்னச் சின்னப் பைகள். பாதம் வரைய வராதா, புகையைப் போட்டு மறை!

என் பள்ளித் தோழன் தேசிய சேவை முடித்த கையோடு இதைச் சொல்லித்தரும் வகுப்பொன்றில் சேர்ந்தான். சேமிப்பு முழுக்க அங்கே போயிற்று. தோள்பட்டைக்கு எப்படிக் கோடு இழுப்பது என்றே வாரக்கணக்கில் பாடம். அலை ஓய்ந்ததும் பாடநூலுக்குப் படம் வரையும் வேலை கேட்டுப் போனான். “புளோக் கீழே கல்மேசையில் ஒரு பாட்டி கீரை ஆய்கிறார், வரையுங்கள்” என்றார்கள். வரைந்தான். பாட்டிக்கு மல்யுத்த வீரரின் தோள். கீரையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கால்கள் மேசைக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்திருந்தன. அவனை நான் குறை சொல்லமாட்டேன். காசு வாங்கிக்கொண்டு அவனைக் கீரை ஆயும் கையைப் பார்க்கவே விடாதவர்களைச் சொல்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த ‘எக்ஸ்-மென்’ இதழை வரைந்த ஜிம் லீ பிரின்ஸ்டனில் உளவியல் படித்தவர். ‘தொண்ணூறுகளின் பாணி’ என்று ஒரு வகுப்பில் உட்கார்ந்து அவர் அதைக் கற்கவில்லை. அவரைப் படியெடுத்தார்கள், படியெடுத்தவர்களையும் படியெடுத்தார்கள், வகுப்புக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடைசிப் பிரதி. நம் ஊர் காமிக்ஸ் ஓவியர் சோனி லியூவையே எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் தத்துவம், பிறகு அமெரிக்காவில் ஓவியக் கல்லூரி. 2017இல் காமிக்ஸுக்கென்றே தரப்படும் ஐஸ்னர் விருதுகளில் மூன்றை வாங்கித் தந்த அவருடைய நூலில், கற்பனையான ஒரு சிங்கப்பூர் ஓவியரின் வாழ்க்கைக்காகப் பல காலத்துக் காமிக்ஸ் பாணிகளை மாற்றி மாற்றி வரைந்திருப்பார். ஒரே பாணி கற்ற கைக்கு அது வருமா?

வெப்டூன் நாளைக்கே ஓய்ந்துவிடும் என்று சொல்லவில்லை. ஓயாமலும் போகலாம். அதுவா இப்போது பேச்சு?

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தில் கட்டணம் இருக்கிறது, தவணை இருக்கிறது, வேலை இருக்கிறது. பையன் என்ன வரைகிறான் என்று ஒரு வரி இல்லை! அவன் நோட்டை ஒருநாளாவது திறந்து பார்த்தீர்களா? படிக்கிறானா, வரைகிறானா என்பதே எனக்குத் தெரியவில்லை. உங்களுக்காவது தெரியுமா? வரைகிறான் என்றால், யாரும் சொல்லாமல் தானே உட்கார்ந்து கோடு இழுக்கும் பிள்ளையைப் பைத்தியம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்த நிலையத்துக்குப் போனால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முதல் மாதம் என்ன வரைய வைப்பீர்கள்? பெரிய கண், பறக்கும் முடி என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். கை, பாதம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள் என்றால் தவணையைப் பற்றிப் பேசலாம். எதற்கும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளையும் 1938இலிருந்து இருக்கும் நன்யாங் நுண்கலைக் கழகத்தையும் அவனோடு ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அடுத்த கடிதத்தோடு அவன் நோட்டில் இரண்டு பக்கம் படமெடுத்து அனுப்புங்கள். அவனைக் கேட்டுவிட்டு.

அன்புடன்.