பழைய ஐரோப்பிய வெள்ளிப் பாத்திரங்கள்: முத்திரை குறித்த கேள்வி பதில்

பதில்களுக்கு முன் ஒரு வேண்டுகோள். படம் எடுப்பதற்காகப் பாத்திரத்தைப் பசை போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரை உலோகத்தில் அடித்து இறக்கிய நுண்ணிய உரு. ஒவ்வொரு தேய்ப்பிலும் அதன் விளிம்பு மழுங்குகிறது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற தேநீர்க் கெண்டியின் அடியில் நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை, சிறிய ‘எம்’ எழுத்து, ஓர் ஆணின் பக்கவாட்டு முகம், வேறு இரண்டு எழுத்துகள் உள்ளன. இது எந்த ஊர், எந்த ஆண்டு?

பதில்: அருமையான கெண்டி ஐயா. நடக்கும் சிங்கம் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கான இங்கிலாந்தின் சான்று. சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும். ஆணின் முகம் அரசருடையது. 1784 முதல் 1890 வரை, வரி கட்டியதற்கு அடையாளமாக அதை அடித்தார்கள். இரண்டு எழுத்துகள் செய்தவரின் பெயர் முதலெழுத்துகள்.

ஆண்டைச் சொல்வது ‘எம்’தான். லண்டனில் ‘ஏ’ முதல் ‘யூ’ வரை, ‘ஜே’யை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒன்றாக இருபது எழுத்துகள் அப்போது சுற்றிவந்தன. சுற்றுக்குச் சுற்று எழுத்தின் வடிவம் மாறும். ஆனால் இதே சிறிய ‘எம்’ (m) 1787இலும் உண்டு, 1827இலும் உண்டு. இடையில் நாற்பது ஆண்டுகள்! சிறுத்தையின் தலையைப் பாருங்கள். 1821 வரை அதற்குக் கிரீடம் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். உங்கள் படத்தில் கிரீடம் இல்லை, எனவே 1827. லண்டனில் அந்த எழுத்து மே மாதத்தில் மாறியதால், 1828இன் முதல் சில மாதங்களும் அதில் அடங்கும்.

மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கும் சிங்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மூடி பின்னாளில் சேர்ந்ததாக இருக்கலாம். அடிப்புற முத்திரைகளின் மேல் வாயால் ஊதுங்கள். ஆவி படியும்போது முத்திரைகளைச் சுற்றி வட்டமாகவோ சதுரமாகவோ பற்றவைப்புக் கோடு தெரிந்தால், அவை வேறொரு பொருளிலிருந்து வெட்டிப் பதித்தவை. 1720 முதல் 1758 வரை அவுன்சுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்தபோது, அதைத் தவிர்க்கவே சில தட்டார்கள் சிறிய பொருளுக்கு முத்திரை வாங்கிப் பெரிய பாத்திரத்தில் பதித்தார்கள். பிற்காலத்தில் ஏமாற்றி விற்பதற்காகவும் இதைச் செய்தவர்கள் உண்டு.

கேள்வி: சூப் அகப்பையில் தலைக்கவசம் அணிந்த பெண் முகம். பிரான்சுதானே?

பதில்: இந்த ஒரு முத்திரையால் முடிவு செய்யாதீர்கள் அம்மா. 1838 முதல் பிரான்சின் மினர்வா தேவி முகத்தருகே 1 அல்லது 2 என்ற எண் இருக்கும். 1 என்றால் 950, 2 என்றால் 800. செய்தவரின் முத்திரை சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். நெதர்லாந்திலும் 1814 முதல் மினர்வா முகம் உண்டு. ஆனால் அது சோதனை அலுவலகத்தின் குறி, கவசத்துக்குள் ஓர் எழுத்து இருக்கும். உங்கள் அகப்பையில் கூடவே 2 என்ற எண்ணுடன் சிங்கம் இருக்கிறது. எனவே நெதர்லாந்து, 833 தரம்.

கேள்வி: ஈ.பி.என்.எஸ். என்று போட்டிருக்கிறது. எத்தனை சதவீதம் வெள்ளி?

பதில்: அது ‘மின்முலாம் பூசிய நிக்கல் வெள்ளி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மேலே முலாம் மட்டுமே. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம்.

கேள்வி: கரண்டிகளில் 90 என்ற எண் இருக்கிறது. 90 சதவீத வெள்ளிதானே? கடைக்காரர் அப்படித்தான் சொன்னார்.

பதில்: இல்லை. ஜெர்மானிய முலாம் கரண்டிகளில் வரும் 90 என்பது, ஒரு டஜன் மேசைக்கரண்டிக்கும் ஒரு டஜன் முள்கரண்டிக்கும் சேர்த்து மேலே ஏற்றிய வெள்ளி 90 கிராம் என்ற கணக்கு. முழு வெள்ளியானால் ஜெர்மனியில் 1888 முதல் பிறை நிலவும் கிரீடமும், 800 போன்ற மூன்றிலக்க எண்ணும் இருக்கும்.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் ரஷ்யப் பாத்திரங்களில் 84 என்று இருப்பதும் முலாமா? அதை மட்டும் எல்லோரும் வெள்ளி என்கிறார்களே! உங்கள் பேச்சில் முரண்பாடு இருக்கிறது.

பதில்: முரண்பாடு இல்லை நண்பரே, அளவைதான் வேறு. பழைய ரஷ்யாவில் தூய வெள்ளிக்கு 96 ஜொலாத்னிக் என்று கணக்கு. அதில் 84 என்றால் 875 தரம். 1899 முதல் அந்த எண்ணுக்கு அருகே கொகோஷ்னிக் என்னும் தலையணி அணிந்த பெண் முகம் வரும். 1908 வரை இடப்பக்கம் பார்க்கும், பிறகு வலப்பக்கம். ஆனால் பிரான்சின் முலாம் கரண்டிகளிலும் இதே 84 உண்டு! அங்கே அது டஜனுக்கு 84 கிராம். ஒரே எண் ஓரிடத்தில் தரம், மற்றோரிடத்தில் முலாமின் எடை.

கேள்வி (வேறொருவர்): நானும் அவர் பக்கம்தான். என் 90 கரண்டி காந்தத்தில் ஒட்டவில்லை, வெள்ளிதான்.

பதில்: செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. அமிலம் ஊற்றியோ அரம் வைத்தோ சோதிக்கவும் வேண்டாம். நல்ல பொருளில் ஆறாத வடு விழும். கரண்டிக்குழியின் அடிப்பக்கம், மேசையில் படும் இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முலாம் அங்கேதான் முதலில் தேயும்; வேறு நிறம் எட்டிப் பார்க்கும்.

கேள்வி: என்ன விலை போகும்?

பதில்: விலை சொல்வதில்லை. ஏலக்கூடத்துக்கு நேரில் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல்லே இல்லை. போலியா?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். இங்கிலாந்தில் அந்தச் சொல்லின் வேலையைச் சிங்கம் செய்கிறது.

கேள்வி: 90 என்று போட்ட தட்டு ஒன்று...

பதில்: மேலே உள்ளது.

கேள்வி (காந்தம் வைத்துப் பார்த்த நண்பர்): நீங்கள் சொன்ன இடத்தில் பார்த்தேன். மஞ்சள் சாயல் தெரிகிறது. மீண்டும் முலாம் போட்டுவிடலாமா?

பதில்: பார்த்து எழுதியதற்கு நன்றி. அன்றாடம் சாப்பிடப் பயன்படுத்துவதாக இருந்தால் போடலாம். ஆனால் முலாம் போடும் பட்டறையில் முதலில் இயந்திரத்தில் பிடித்துத் தேய்ப்பார்கள். அதில் முத்திரை மழுங்கும். கொடுப்பதற்கு முன் 90ஐயும் அதன் அருகிலுள்ள குறிகளையும் நெருக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.