தசை கரைஞ்சா கிட்னி ஏன் நிக்குது, மெசின் என்ன செய்யும்? நீங்க கேட்டதுக்கு பதில்

வாகரையில இருந்து ஒரு தங்கச்சி: கரைவலையில மீன் பிரிக்கக்குள்ள மாமாவுக்கு கடல் பாம்பு கடிச்சிட்டு. இப்ப ஐசியுல. சலம் பிளேன்டீ கலர்ல போகுது. ரத்தமா அது?

ரத்தம் இல்ல தங்கச்சி. கடல் பாம்பு விஷம் தசைய உடைக்கும், உடைஞ்ச தசைக்குள்ள இருந்து மயோகுளோபின் எண்ட புரதம் ரத்தத்துல கலந்து கிட்னியில போய் அடைக்கும், அந்த நிறம்தான் சலத்துல வாறது. கடிச்ச இடத்துல நோவே இல்லாம இருக்கும், அதால சனம் சும்மா விட்டுர்றது, பிறகு ஒரு சில மணித்தியாலத்துல உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி நோகும், வாய திறக்க ஏலாது. புடையன் கடி, கூட்டமா குளவி குத்துறது, வயல்ல வெயில் ஏறி விழுறது எல்லாத்துலயும் இதே கரைச்சல் வரலாம். 1941ல லண்டன் குண்டுவீச்சுல இடிபாட்டுக்குள்ள நசுங்கின ஆக்கள் உயிரோட வெளிய வந்தும் பிறகு கிட்னி நிண்டு செத்தத பைவாட்டர்ஸ், பீல் எண்ட ரெண்டு டொக்டர்மார் எழுதி வெச்சதுக்குப் பிறகுதான் இந்த வருத்தம் நல்லா விளங்கினது.

கல்முனை: வாப்பாவுக்கு சாதாரண டயலிசிஸ் இல்லாம இரவு பகலா ஓடுற மெசின் போட்டிருக்காங்க. அதுக்கு மேல ரத்தத்த சுத்தப்படுத்துற பில்டர் ஒண்டு இருக்காம், வாங்கிக் குடுத்தா பிழைப்பாரா?

இந்தக் கேள்விதான் கூட வந்திருக்கு, அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன். மயோகுளோபின், டயலிசிஸ் வெளியேத்துற யூரியா எண்ட கழிவ விட ஏறத்தாழ 280 மடங்கு பெருசு, சாதாரண டயலிசிஸ் பில்டர் மாவரிக்கிற அரிதட்டு மாதிரி, நெல்லுப் போட்டா மேலதான் நிக்கும். ஓட்டை பெரிய பில்டர் போட்டு நாள் முழுக்க மெதுவா ஓட்டினா கொஞ்சம் வெளியேறும், ஆனா நல்ல புரதமான அல்புமினும் சேர்ந்து போயிரும். நீங்க கேட்டது வேற சாமான், உள்ளுக்க நுண்ணிய மணிகள் இருக்கும், மயோகுளோபின் அதுல ஒட்டிக்கொள்ளும். ரத்தத்துல அளவு குறையிறது உண்மை. ஆனா அதால பிழைக்கிற ஆக்கள்ட எண்ணிக்கை கூடுது எண்டு இன்னும் உறுதியா நிரூபிக்கல்ல, சில அன்டிபயோட்டிக்கையும் சேர்த்து உறிஞ்சும், டோஸ் மாத்த வேண்டி வரும். அதால காணிய ஈடு வெச்சு வாங்க ஓடாதீங்க, முதல்ல ஐசியு டொக்டர்ட்ட ‘பொட்டாசியம் எவ்வளவு, ரத்தத்துல அமிலம் ஏறியிருக்கா, நுரையீரல்ல தண்ணி நிக்குதா’ எண்டு கேளுங்க. மெசின் போடுறதே முக்கியமா இதுகளுக்குத்தான், பொட்டாசியம் ஏறினா இதயம் அப்பிடியே நிண்டுரும். பிரஷர் விழுந்து கிடக்கிற ஆளுக்கு மெதுவா ஓடுற மெசின் தாங்கும், 4 மணித்தியாலத்துல முடிக்கிற டயலிசிஸ் சில நேரம் தாங்காது, அதுதான் வித்தியாசம்.

என்னக் கேட்டா, எந்த பில்டரையும் விட முதல் சில மணித்தியாலத்துல ஏத்துற சேலைன்தான் பெருசு. மணிக்கு 200–300 மில்லிலீற்றர் சலம் போறளவுக்கு பாத்து ஏத்துவாங்க. கிட்னி நிண்ட பிறகு அதே சேலைன ஏத்தினா மூச்சு முட்டும்.

அக்கரைப்பற்று: சிபிகே 60,000ல இருந்து 20,000க்கு வந்திட்டு. மெசின்ட வேலைதானே?

அநேகமா இல்ல. சிபிகே எண்டது தசை உடையக்குள்ள ரத்தத்துக்கு வாற இன்னொரு புரதம், மயோகுளோபின விட பெருசு, பில்டரால போகாது, தசை உடையிறது நிண்டா தானா ஒண்டரை நாளைக்கு ஒருக்கா பாதி பாதியா குறையும். ஆனா நல்ல செய்திதான் இது. குறையாம திரும்ப ஏறினா எங்கயோ தசை இன்னும் நசுங்கிக் கிடக்கு எண்டு தேடுவாங்க, கால் வீங்கி கல்லு மாதிரி இறுகினா உடன சொல்லுங்க.

களுவாஞ்சிக்குடி: வாழ்நாள் பூரா டயலிசிஸ் செய்யணுமா? உடம்பு தேற இளநி குடுக்கலாமா?

பெரும்பாலானவங்களுக்கு கிழமைக்கணக்குல கிட்னி திரும்ப வேலை செய்யத் தொடங்கும், முதலே சீனி, பிரஷரால பழுதான கிட்னி எண்டா பயம் கூட. சலம் கூடத் தொடங்குறதுதான் நாங்க எதிர்பாக்கிற அறிகுறி. இளநி வேணாம்! செவ்விளநி, தோடம்பழச் சாறு, வாழைப்பழம் எல்லாத்துலயும் பொட்டாசியம் கூட, அன்பா கொண்டு வாறதுதான், ஆனா கிட்னி நிண்டவருக்கு அது நஞ்சு. டொக்டர் ஓம் எண்ட பிறகு பாப்பம். நோவுக்கு பாமசியில டைக்ளோபெனக் வாங்கிக் குடுக்கிறதும் கூடாது.

சம்மாந்துறை: கொலஸ்ட்ரோல் குளிசையாலயும் இப்பிடி வருமாமே, நிப்பாட்டட்டா?

நீங்களா நிப்பாட்டாதீங்க. அரிதாத்தான் இந்தளவுக்குப் போகும். கிளரித்ரோமைசின் மாதிரி சில அன்டிபயோட்டிக்கோட சேர்த்து எடுத்தா ஆபத்து கூடும், அதால வேற டொக்டர்ட்ட போனாலும் கிளினிக் கொப்பிய காட்டுங்க. தொடை, தோள் எல்லாம் காரணமில்லாம நொந்து சலமும் கறுத்தா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, கிளினிக் நாள் வரும் வரைக்கும் இருக்காதீங்க.