புதுசா ஜெயிச்ச தலைவரை மறுநாளே பத்திரிகைக்காரங்க கிழிக்கறது சரியா? கொஞ்ச நாள் டைம் குடுக்க வேணாமா?

என்னைக் கேட்டா குடுக்க வேணாம். ஏதோ ஒரு கட்டுரையைப் படிச்சு கடுப்பாகித்தான் இதைக் கேட்டிருப்பீங்க, புரியுது. இதே கேள்விய 2016 நவம்பர்ல, நான் நியூஜெர்சில வேலை பாத்தப்ப, மூஞ்சிக்கு நேரா என்கிட்ட கேட்டாங்க.

டிரம்ப் ஜெயிச்ச கையோட, நியூயார்க்கர்ங்கற அமெரிக்க வாரப் பத்திரிகையோட ஆசிரியர் டேவிட் ரெம்னிக் ஒரு கட்டுரை போட்டார். எடுத்த எடுப்புலயே இது அமெரிக்கக் குடியரசுக்குப் பெருந்துயரம், அரசியல் சாசனத்துக்குப் பெருந்துயரம்னு ஒரே சொல்லால திரும்பத் திரும்ப அடிக்கறார். அப்புறம் ஜனவரி 20ங்கற ஒரே தேதியில ரெண்டு பேரைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தறார், வெளிய போற ஒபாமா கண்ணியமான மனுஷன், உள்ள வர்றவர் ஏமாத்துக்காரர். நடுவுல ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லக் கூப்பிட்டு, சட்டம் மட்டும் சுதந்திரத்தக் காப்பாத்தாது, மக்கள் என்ன நினைக்கறாங்கங்கறதுதான் காப்பாத்தும்னு சாட்சி சொல்ல வைக்கறார். முடிக்கும்போது சோர்ந்து உக்காராதீங்க, பொய்யைப் பொய்னு சொல்லுங்கன்னு முடிக்கறார்.

இதை ஆபீஸ் தமிழ் குரூப்ல ஷேர் பண்ணேன். அவ்ளோதான். மறுநாள் லஞ்ச்ல மைக்ரோவேவ்ல என் சாம்பார் சாதம் சுத்திட்டு இருக்கு, எங்க டீம் சீனியர் ஒருத்தர், மதுரைக்காரர், போன்ல ஷேர் மார்க்கெட் பச்சைக் கோட்டை என் மூக்குக்கு நேரா நீட்டறார். "விசால இருக்கறவனுக்கு எதுக்கு தம்பி இந்த வம்பு? தோத்துப் போன ஹிலரியே டிரம்புக்கு ஒரு வாய்ப்பு குடுப்போம்னு சொல்லிட்டாங்க. உங்க ஆளு க்ரூக்மேன் மார்க்கெட் எந்திரிக்கவே எந்திரிக்காதுன்னு எழுதினாரே, பாத்தியா?"

மார்க்கெட் விஷயத்துல அவர் சொன்னது நிஜம். பொருளாதார நிபுணர் பால் க்ரூக்மேன் அப்படித்தான் எழுதினார், அன்னைக்கே அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீடு டவ் ஜோன்ஸ் 250 புள்ளிக்கு மேல ஏறித்தான் முடிஞ்சுது. ஆனா அது ஜோசியம் அண்ணே, இது அது இல்லன்னேன். டிரம்ப் பிரச்சார மேடையில வாய் திறந்து சொன்னதை வச்சுத்தான் ரெம்னிக் எழுதினார். முஸ்லிம்களை நாட்டுக்குள்ள விடக் கூடாதுன்னு 2015 டிசம்பர்லயே அறிக்கை விட்டவர் டிரம்ப். பதவியேத்து ஒரே வாரத்துல, 2017 ஜனவரி 27ல, முஸ்லிம்கள் அதிகமா இருக்கற ஏழு நாட்டுக்காரங்களுக்குத் தடை போட்டு ஆர்டர்ல கையெழுத்துப் போட்டார். நூறு நாள் பொறுத்து எழுதியிருந்தா யாருக்கு என்ன பிரயோஜனம்? ஹிலரியும் ஒபாமாவும் வாய்ப்பு குடுப்போம்னு சொன்னது அரசியல்வாதிங்க கடமை, ஆட்சி அமைதியா கை மாறணும்ல. பத்திரிகைக்காரருக்கு அந்தக் கடமை கிடையாது.

உடனே டிரம்ப் ரசிகர்கள் வரிஞ்சு கட்டிட்டு கமெண்ட்ல வர வேணாம், எனக்கு அங்க ஓட்டே கிடையாது, நான் எந்தக் கட்சிக்காரனும் இல்ல. ரெம்னிக் எழுதினதுலயும் எனக்கு ஒரு குறை உண்டு. ஏமாத்துக்காரர்னு சொன்னா ஏற்கனவே ஒத்துக்கிட்டவன் கை தட்டுவான், டிரம்புக்கு ஓட்டு போட்ட ஆறு கோடிக்கும் மேலான பேர்ல ஒருத்தன்கூட அதுக்கு மேல படிக்க மாட்டான். டிரம்ப் பேசினதையே வரிசையா எடுத்து வச்சிருந்தா இன்னும் பலமா விழுந்திருக்கும்.

அந்த "விசால இருக்கறவன்" பேச்சுதான் இன்னும் ஆறல. வரி கட்டலாம், வாய் திறக்கக் கூடாதாம். அங்கயே நிரந்தரமா தங்கறதுக்கான கிரீன் கார்டுல, வருஷத்துக்கு ஒரு நாட்டுக்கு 7%தான்னு ஒரு உச்சவரம்பு வச்சிருக்காங்க, இந்தியாவுக்கும் அதே 7%, ஐஸ்லாந்துக்கும் அதே 7%. ஒபாமா இருந்தப்பவும் அதான், டிரம்ப் வந்தப்பவும் அதான். இந்த வரம்பால வருஷக்கணக்கா கியூல நிக்கற நம்ம ஆளுங்களோட புள்ளைங்க 21 வயசானதும், அப்பா அம்மா விசாவ ஒட்டிக் கிடைச்ச டிபென்டன்ட் விசாவ இழந்துட்டு முழிக்குதுங்க. இதுக்கும் யாராவது ரெம்னிக் மாதிரி ஓங்கி ஒரு கட்டுரை எழுதுங்கப்பா.