ஒப்பரேசன் முடிந்து மூன்று வாரம்: சலம் முழுதாகப் போவதில்லை, ஆனால் ஒழுகுகிறது

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 61. சீனி வருத்தம் இருக்கிறது. கர்ப்பப்பை இறங்கியதால் அதைக் கீழ்வழியாகவே எடுத்து, முன்பக்கமும் பின்பக்கமும் தைத்தார்கள். மூன்று வாரமாகிறது. இப்போது சலம் நூல் மாதிரித்தான் வருகிறது. முடிந்தது என்று எழும்பினால் ஒழுகுகிறது. நாலு நாளாக எரிவும் சேர்ந்திருக்கிறது. வீட்டில் மிச்சமிருந்த அன்டிபயோட்டிக்கில் இரண்டு குளிசை போட்டேன். ஒழுகலுக்குப் பயந்து தண்ணீரையும் குறைத்துவிட்டேன். மகனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கிளினிக் திகதி இன்னும் மூன்று வாரத்தில்தான். ஒப்பரேசன் பிழைத்துவிட்டதா?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதை வைத்து ஒப்பரேசன் பிழைத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கிளினிக் திகதி வரைக்கும் பொறுத்திருக்கவும் வேண்டாம்.

ஒழுகுகிறது என்றவுடன் சலப்பை பலவீனம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 'நூல் மாதிரி' என்ற சொல். சலப்பைக்கும் அதன் வாசலுக்கும் கீழே தையல் போட்ட இடம் வீங்கியிருக்கும். நோவுக்குப் பயந்து இடுப்புத் தசையும் தன்பாட்டில் இறுகிப்போகும். மலச்சிக்கலும் இருந்தால் பின்னாலிருந்து அழுத்தும். நெடுநாள் சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பை நிரம்பியது தெரிவதே மந்தமாக இருக்கும். இப்படிப் பையில் சலம் தங்கித் தங்கி, இடம் போதாமல் வழிவதும் ஒழுகலாகத்தான் தெரியும். தண்ணீர்த் தாங்கி நிரம்பி, ஓவர்ஃப்ளோ குழாயால் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். தேங்கிய சலத்தில் கிருமி பெருகும், எரிவு வரும். தண்ணீரைக் குறைத்தால் சலம் இன்னும் கடுத்து எரிவு கூடும்.

ஆகவே முதல் வேலை, சலம் போனபிறகு பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளப்பது. ஸ்கேன் செய்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். இதில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறைச் சொல்கிறேன். ஸ்கேனுக்கு முன் போத்தல் போத்தலாகக் குடிக்கவைத்து, பை வெடிக்கிற அளவு நிரம்பியபின் போகச் சொல்வார்கள். அதன்பிறகு வரிசையில் அரை மணித்தியாலம் இருத்திவிட்டு அளப்பார்கள். அந்த அளவை நம்ப முடியாது. வழக்கம்போல் குடித்து, முட்டுகிறபோது போய், பத்து நிமிடத்துக்குள் அளக்கவேண்டும். மிஞ்சுவது 100 மில்லிலீற்றருக்குள் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 200ஐத் தாண்டினால் சும்மா விடக்கூடாது. அப்போது சில நாள் திரும்பக் கதீற்றர், அதாவது சலம் எடுக்கும் குழாய், வைப்பார்கள், அல்லது மெல்லிய குழாயை நீங்களே விட்டுச் சலத்தை எடுக்கப் பழக்குவார்கள். கேட்கவே பயமாகத்தான் இருக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு அம்மா, "என்னைக் கொன்றாலும் இதைச் செய்யமாட்டேன்" என்று அழுதார். மிஸ்ஸி கண்ணாடியைப் பிடித்துக் காட்டிக் காட்டிப் பழக்கினார். நாலாம் நாள் அவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, கண்ணாடியும் இல்லாமல் விரலால் இடம் பார்த்துச் செய்தார். வீக்கம் வற்றியதும் அந்தக் குழாய் தேவைப்படவில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில நாளிலோ சில வாரத்திலோ அப்படித்தான் முடியும்.

எரிவுக்கு இனிமேல் மிச்சக் குளிசை வேண்டாம். அரைகுறையாகப் போட்டால் கிருமி சாகாது, சோதனையிலும் பிடிபடாமல் போகலாம். சலத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுங்கள், முடிவு வர இரண்டு மூன்று நாள் எடுக்கும். உங்களுக்குத் தையல் இடத்திலிருந்து இன்னும் கசியக்கூடும். ஆகவே தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு குளிசை போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சீனிக்கு எடுக்கும் மருந்துகளின் பெயரையும் காட்டுங்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சீனியைச் சலத்தோடு வெளியேற்றுபவை, அந்தரங்க இடத்தில் பூஞ்சணத்தைக் கொண்டுவரலாம். நீங்களாக நிறுத்தவேண்டாம், வைத்தியர் முடிவெடுக்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியது: கொமேட்டில் முழுதாக இருங்கள், அரைவாசி எழும்பிக்கொண்டு போகவேண்டாம். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்னால் சாயுங்கள். முக்கவேண்டாம், தையலுக்குக் கூடாது. சலம் நின்றதும் எழும்பி நாலு அடி நடந்து, திரும்ப இருந்து இன்னொருமுறை பாருங்கள். முட்டாவிட்டாலும் மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போங்கள். வேறு காரணத்துக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருக்காவிட்டால், நாளுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லீற்றர் குடியுங்கள். செவ்விளநீரில் சீனி இருக்கிறது, அதைத் தண்ணீருக்குப் பதிலாக்கவேண்டாம். இடுப்புத்தளத் தசையை இறுக்கும் பயிற்சியைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். நல்ல பயிற்சிதான், ஆனால் மிச்ச அளவு தெரியும்வரை தள்ளிவையுங்கள். உங்களுக்கு இப்போது தேவை தளர்த்துவது.

பை நன்றாகக் காலியாகிறது என்று தெரிந்தபிறகும் இருமும்போது, தும்மும்போது ஒழுகினால் அது வேறு விஷயம். கர்ப்பப்பை இறங்கியிருந்தபோது சலக்குழாய் மடிந்து ஒழுகலை மறைத்திருக்கலாம். மேலே தூக்கித் தைத்ததும் அது வெளியே தெரியவரும். அதற்குப் பயிற்சியும் உண்டு, தேவைப்பட்டால் வேறு சிகிச்சையும் உண்டு.

இவற்றில் ஒன்று நடந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்: முட்டிக்கொண்டு வலித்தும் சலமே போகாமல் இருப்பது, நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க நோவு, வாந்தி, சலத்தில் இரத்தக் கட்டி. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. இரவும் பகலும் இடைவிடாமல், முட்டும் உணர்வே இல்லாமல் பிறப்புறுப்பு வழியாக நனைந்துகொண்டே இருந்தாலும் தாமதிக்காதீர்கள். பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையில் துளை விழுந்திருக்கலாம். அதையும் சரிசெய்ய முடியும்.

மகனிடம் எல்லாவற்றையும் விளக்கவேண்டியதில்லை. "ஒப்பரேசன் செய்த இடத்தில் காட்டவேண்டும், நாளைக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றால் போதும். டயக்னோசிஸ் கார்ட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தையல், தாங்குவதற்கு உள்ளே வலை வைத்தார்களா இல்லையா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வார்ட்டில் கேட்டால், "சலம் போனபிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்கவேண்டும்" என்று இதே சொற்களில் சொல்லுங்கள்.